பல்லுக்குத் தெரியாத கம்பி

அச்சிலிருந்து வெளிவரும் கம்பியின் நுனியைக் கடைவாயில் வைத்து ஒரு கடி. பிறகு சுண்டுவிரலில் நாலு சுற்றுச் சுற்றிப் பிரித்துப் பார்ப்பார் முஸ்தகீம். "என் பல்லு பொய் சொல்லாது" என்பார்.

ஃபிரோசாபாத் பல்புப் பட்டறைகளுக்கு நிக்கல் கம்பி இழுத்துக் கொடுப்பவர் அவர். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். மூடிய உலையில் சிவக்கச் சுட்டால்தான் மறுபடி இளகும். நிக்கலில் கொஞ்சம் மாங்கனீஸ் கலந்திருந்தால், எரிவாயுச் சுடரில் இருக்கும் கந்தகத்தால் அது நொறுங்காது. "நம்ம ஊர்க்காரன் மாதிரி. நெருப்புப் பக்கத்துலயே கிடப்பான், ஒண்ணும் ஆகாது" என்று சிரிப்பார்.

போன மாதம் ஒரு சுருளில் இன்ன கம்பி என்று எழுதிக் கட்டியிருந்த சீட்டு விழுந்துவிட்டது. வழக்கம்போல் கடித்துப் பார்த்து, "மாங்கனீஸ்தான்" என்று ஜெயின் சேட்டின் பட்டறைக்கு அனுப்பினார். அது வெறும் நிக்கல். பார்வைக்கும் பல்லுக்கும் இரண்டும் ஒன்றுதான். தீயில்தான் வித்தியாசம் தெரியும்.

அங்கே கண்ணாடிக்குள் கம்பியைப் பொருத்துகிறவள் ஷபீனா. சுடரில் காட்டிய கம்பியெல்லாம் அவள் விரலில் முறிந்தன.

"கையா அது, உலக்கையா? நாளையிலேர்ந்து நீ துடைப்பத்தைப் பிடி!" என்று சேட் எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்று அடுத்த சுருளோடு வாசலில் நின்றிருந்த முஸ்தகீம், முறிந்த துண்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஆனாலும் சுருளை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு கம்பியைக் கடிக்கவே அவருக்குக் கூசியது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போனார்.

"சேட்ஜி, தப்பு என்னோடது. சுருள் மாறிப்போச்சு. அந்தப் பொண்ணு கையில ஒரு குறையும் இல்ல."

வசவை எதிர்பார்த்துத் தலை குனிந்துகொண்டார். சேட்டோ வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுக்கா இந்த மூஞ்சி? யானைக்கும் அடி சறுக்கும்னு... விடுங்க பாய், மனுஷன்னா மறதி வராதா? டேய், பாய்க்கு நல்ல டீயா கொண்டா!"

ஏலக்காய் மணக்க டீ வந்தது. அதை வாங்கியபோதுதான் முஸ்தகீமுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூலையில் ஷபீனா கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

அவர் போய்க் குனிந்து, தம்ளரை அவள் அருகில் தரையில் வைத்தார். "குடிம்மா" என்றார்.

"நீங்க குடிங்க சாச்சா."

தம்ளரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தையும் சேர்த்துக் கூட்டினாள்.