பதினெட்டு நிமிடத் தாமதம்

முப்பத்தொரு வருடம், ஒன்பது ஊர்களில் நீதிபதியாக இருந்தேன். ஓய்வு விழாவில் பேசிய ஏழு பேரும் நான் வேகமாக வழக்கு முடித்ததைத்தான் பாராட்டினார்கள். பாதியில் எழுந்து போய்விடலாம் போல எரிச்சல் வந்தது.

பெரம்பலூரில் முன்சீப்பாக இருந்தபோது, மாதக் கடைசியில் எத்தனை வழக்கு முடித்தேன் என்று மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் முடிக்க வேண்டிய எண்ணிக்கைக்கு இரண்டு குறைந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், எறையூர் விதவை ஒருத்தியின் வழக்கு. அவள் கரும்புக் காட்டுக்கு ஒரே வழி, கொழுந்தன் நிலத்தின் ஓரம். அதை அவன் உழக்கூடாது என்று நானே இடைக்காலத் தடை கொடுத்திருந்தேன். பத்தரைக்கு மூன்று முறை பெயர் கூப்பிட்டார்கள். அவள் இல்லை. அவள் வக்கீல் அரியலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

"மத்தியானம் இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாக்கலாங்களா ஐயா?" என்றார் பெஞ்ச் கிளார்க். எல்லா முன்சீப்பும் செய்வதுதான். நான் தள்ளுபடி எழுதினேன்.

பத்து நாற்பத்தெட்டுக்கு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மில்லு வாசல்ல கரும்பு டிராக்டரு வரிசையா நின்னுடுச்சுங்க. எறங்கி நடந்து, வேற பஸ்ஸு புடிச்சு வரேனுங்க."

"கரும்பு வண்டி ஐயா வூட்டு வழியாப் போறதில்லம்மா," என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரித்தவர்களை முறைத்தேன். எழுதியதை மாற்றவில்லை. "வழக்க மறுபடி எடுக்கச் சொல்லி மனு போடுங்க" என்றேன்.

வழக்கு போனால் தடையும் போகும். எனக்குத் தெரியும், கொழுந்தனுக்கும் தெரிந்திருந்தது. மறுநாளே வழியை உழுதுவிட்டான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தபோது கரும்பை ஏற்ற வண்டி உள்ளே போக முடியவில்லை. மனு மீது நான் உத்தரவு போட எழுபத்துமூன்று நாள். நோட்டீஸ், பதில், இரண்டு வாய்தா, எல்லாம் முறைப்படி. 'முறைப்படி' என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டதாக அவளிடம் சொன்னேன்.

"வேணாங்க ஐயா. கரும்பு காஞ்சுபோச்சு. காட்ட கொழுந்தனுக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுபடியும் தள்ளுபடி எழுதினேன்.

மாதக் கடைசியில் கிளார்க் கணக்கைக் கொண்டுவந்தார். முடித்த வழக்கு என்று முன்பே ஒரு முறை கணக்கில் ஏறியிருந்த அதே வழக்கு, இந்த மாதமும் ஏறியிருந்தது. அதை அடித்துவிடச் சொன்னேன்.

"விதிப்படி ரெண்டு தடவ முடிச்சிருக்கீங்க ஐயா."

கையெழுத்துப் போட்டேன்.