யூஜீனியாவின் உள்வீடு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அனஸ்தாசியா குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து சூடைமீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு றஹ்மத் உம்மா முக்காட்டைப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"புள்ள அனஸ்தா, ஒங்கட அக்கா மௌத்தாயிட்டா. முத்தத்துல விழுந்தவ, எழும்பவே இல்ல."

அக்கா யூஜீனியா இருந்தது பக்கத்து வளவில். நடுவில் ஒரு கிடுகு வேலி, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவுச் செய்தி தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போய், மறுபடி தெருவைக் கடந்துதான் தங்கச்சியிடம் வந்து சேர்ந்தது. ஏழு வருசமாக அந்த இரண்டு வீடுகளுக்கும் தபால் பாதை அதுதான்.

"இண்டைக்கா?" என்றாள் அனஸ்தாசியா. "இண்டைக்குப் பின்னேரம்தானே அவட வீட்டுக்குச் சுரூபம் வருது?"

திரு இருதய ஆண்டவரின் சுரூபம் அந்த மாதம் மாம்புரியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. விருந்தாளி வரும் நேரம் பார்த்து வீட்டுக்காரி வெளியே போவது அக்காவின் குணமில்லை. எதிலும் முந்திக்கொள்கிறவள், ஆண்டவரைப் பாதி வழியில் மறித்துக் கூட்டிவரப் போயிருப்பாள் என்று அனஸ்தாசியா நினைத்தாள். நினைத்துவிட்டு, கழுவிய மீனையே திரும்பவும் கழுவினாள்.

யூஜீனியா பக்தி உள்ளவள் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சந்தேகப்பட அவள் விட்டதுமில்லை. புருசன் போன பிறகு, மகள் டெனிஷா இத்தாலியில் கிழவிகளைக் குளிப்பாட்டி அனுப்பிய காசில் விறாந்தைக்கு மாபிள் பதித்தாள். இருதய ஆண்டவர் படத்தைச் சுற்றி மினுக்கும் பல்ப் மாலை போட்டாள். படத்துக்குக் கீழே சிவப்பு வெல்வெட் கதிரை ஒன்று. அது ஆண்டவருக்கு. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீனைக்கூட அவள் கழற்றவில்லை. ஆண்டவர் ஏழையின் உருவத்தில் வருவார் என்று கோயிலில் வாசித்ததும் அவள்தான். ஆனால் ஏழையின் உருவத்தில் யார் வந்தாலும் பாயில்தான் உட்கார்ந்தார்கள். கதிரைக்கு அந்த வாசகம் எட்டவில்லை போலும்.

சண்டைக்கு வேர் உப்பு. டெனிஷாவின் கலியாணச் சாப்பாட்டில் மீன்கறியை ஒரு வாய் வைத்த அனஸ்தாசியா, "என்னக்கா, பாலாவி உப்பளத்த அப்படியே கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அக்கா கதைப்பதை நிறுத்தினாள். வேலியில் இரண்டு வீட்டாரும் நுழைந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. அக்கா நிறுத்தியது கதையை மட்டும்தான். பொட்டில் தன் பக்கமாகத் தகரம் வைத்து ஆணி அடித்தவள் அனஸ்தாசியா. மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்பதில் இருவருக்கும் ஒரே முடிவுதான்: மற்றவள்.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கம் வைத்தார். சிங்களம் புழங்கும் சிலாபத்துப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "ஆண்டவர் எழுந்தருளி வருமுன் உங்கள் உள்வீட்டை ஒழுங்கு செய்யுங்கள்" என்றார்.

மாம்புரியில் உள்வீடு என்றால் அரிசி மூட்டையும் கிழிந்த வலையும் கிடக்கிற இருட்டறை. ஆண்டவர் அங்கேயும் எட்டிப் பார்ப்பார் என்று ஊர் அதுவரை நினைத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் எல்லா முற்றத்திலும் குப்பை மலை. யூஜீனியா உடைந்த கட்டில், பழைய வலை, ஓட்டைப் பீப்பா எல்லாவற்றையும் இழுத்துவந்து வேலிப் பொட்டில் குவித்தாள். எப்படியும் புழக்கத்தில் இல்லாத இடம்.

புதன்கிழமை செபமாலைக்கு வரும் வழியில் ஃபாதர் இந்த மலைகளைப் பார்த்தார். "நான் சொன்னது அறையை இல்லை, அம்மா. மனதை" என்றார் கோயிலில்.

யூஜீனியா எழும்பினாள். "அதையும் வெள்ளிக்கிழமைக்குள்ள துப்பரவாக்கணுமா ஃபாதர்? ஆக்கள் போதாதே."

கோயில் முழுக்கச் சிரித்தது. பின் வரிசை வாங்கிலிருந்து அனஸ்தாசியா, "ஆக்கள் என்னத்துக்கு, லொறி பிடிக்கணும்" என்றாள். மெல்லச் சொன்னதாக அவள் நினைப்பு. அக்கா திரும்பவில்லை. கழுத்து மட்டும் ஒருமுறை விறைத்தது.

ஊருக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை சனிக்கிழமை காத்திருந்தது. சுரூபம் தங்கிய வீட்டுக்காரி அதைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரியின் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். யூஜீனியாவுக்கு அடுத்த வீடு அனஸ்தாசியாவுடையது.

"வாங்க எண்டு ஆண்டவருக்கு மட்டும்தான் சொல்லுவன்" என்று அனஸ்தாசியா தன் புருசன் லோறன்ஸிடம் முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

லோறன்ஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேரும் ஒண்டாத்தானே வருவாங்க? ஆண்டவர் தனியா நடந்தா வருவார்?"

அந்த 'வாங்க'வை யாருக்கு, எந்தக் குரலில் சொல்வது என்று மூன்று நாளாக அவள் ஒத்திகை பார்த்தாள். அக்கா வாசலில் நிற்பாள், தான் அவளைத் தாண்டிப் பார்ப்பேன் என்பது வரை தயார். அக்கா வராமலே விடுவாள் என்பது மட்டும் ஒத்திகையில் இல்லை.

செத்த வீட்டுக்கு அனஸ்தாசியா தெருவால் சுற்றிப் போனாள். பின்னேரம் சுரூபமும் வந்தது. மேசையில் சுரூபம், கீழே சவப்பெட்டி. டெனிஷா போனுக்குள்ளிருந்து அழுதாள். கூட்டத்துக்குக் கதிரைகள் போதவில்லை. முழங்கால் நோவோடு நின்ற றஹ்மத் உம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெல்வெட் கதிரையில் போய் உட்கார்ந்தாள். பொலித்தீன் கிறீச்சென்று கத்தியது.

அனஸ்தாசியா பெட்டியைப் பார்த்தாள். இப்போது ஒரு ஏச்சு விழ வேண்டும். விழவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"அழாத புள்ள" என்று றஹ்மத் உம்மா கதிரையிலிருந்தே கையை நீட்டினாள். "புதன்கிழம கோயிலால வந்ததுல இருந்து அந்தச் சாமானெல்லாம் அள்ளிட்டுத்தான் இருந்தா. விழுந்ததும் அங்கதான். ஏன் இந்தக் கரச்சல் எண்டு கேட்டன். 'சுரூபத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டால சுத்த ஏலாது, கால் நோவுது' எண்டா."

அக்காவின் காலுக்கு ஒரு நோவும் இருந்ததில்லை. போன மாதம் தலவில் அன்னம்மாள் கோயிலுக்கு நடந்தே போனவள்.

சனிக்கிழமை அக்காவை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பியதும் கோயில் மூப்பர் அமல்ராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வழக்கம் வழக்கம்தானே அக்கா. வீட்டுக்காரி இல்ல. குடுக்கிறதும் நீங்கதான், வாங்குறதும் நீங்கதான்."

அனஸ்தாசியா சுரூபத்தைத் தூக்கினாள். கால்கள் தம்பாட்டில் பின் முற்றத்துக்குத் திரும்பின. பாட்டுப் பாடியபடி சனம் பின்னால் வந்தது. பொட்டில் ஒரு துரும்புகூட இல்லை. கடல் மணல்கூடப் பரவியிருந்தது, தேர் வருகிற தெருவுக்குப் பரவுவது போல. அந்த மணல் போய் முட்டிய இடத்தில் அவளுடைய தகரம் நின்றது. அடித்த பக்கத்திலிருந்துதான் அதைக் கழற்றலாம். ஆண்டவரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பாட்டு நின்றது. பிறகு எல்லோரும் திரும்பித் தெருவால் சுற்றிப் போனார்கள்.

வாசலில் லோறன்ஸ் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். "வாங்க" என்றார். யாருக்குச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

சுரூபத்தை வைத்த கையோடு சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள். மேல் ஆணிகள் கழன்றன. கீழ் ஆணி உப்புக் காற்றில் துருப்பிடித்து, தலை முறிந்து, கட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தகரம் இன்னும் அதில்தான் தொங்குகிறது.