மிச்சப் பெட்ரோலும் ஆளில்லாத இடமும்

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் புல்வெட்டும் மெஷின் என் வீட்டில்தான் குடியிருக்கிறது. அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நான் என்பது சர்ச்சின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் தெரிந்துபோனதால் வந்த வம்பு. புல் அறுக்க வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்ட பிறகு வாங்கிய மெஷின். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் மட்டும் கத்தும். மற்ற நாளெல்லாம் என் சமையலறைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடக்கும். அந்த வீட்டில் அதைப் போலவே வாழும் இன்னொருவன் நான்.

பொதுச்சேவை மனப்பான்மையில் இதை ஏற்றுக்கொண்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் மனைவி அங்கே இருக்கிறாள். சிமெண்ட் போட்டு மூடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாள், அதனால் வெறும் மண்மேடுதான். மேலே அவள் தொட்டியிலிருந்து பிடுங்கி நட்ட நித்தியகல்யாணி. எங்கள் தோட்டத்தில் இடம் கம்மி. ஆள் வந்து போகிற அடையாளம் இல்லாத மேட்டைச் சில வருடம் பார்ப்பார்கள், பிறகு இன்னொருவருக்காகத் தோண்டிவிடுவார்கள். மெஷின் என் கையில் இருந்தால் அந்த மேடு புல்லில் காணாமல் போகாது என்று கணக்குப் போட்டேன். அது அவளுடைய இடமாகவே இருக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வேறு லட்சியம் எதுவும் கைவசம் இல்லை.

மெஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். போன வருடம் கை தாராளமாகிவிட்டது. வேலை முடிந்தும் அரை கேன் மிச்சம். பழைய கலவையைப் பயன்படுத்தக் கூடாது, 'உள்ளூர் விதிமுறைகளின்படி அப்புறப்படுத்தவும்' என்றது கையேடு. எங்கள் உள்ளூர் விதிமுறை என்னவென்று பாலாற்றை எட்டிப் பார்த்த எவருக்கும் தெரியும். ஊரே சேர்ந்து செய்து முடித்த காரியத்தில் என் அரை கேன் என்ன பெரிய பங்கு என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். படித்த படிப்பு குறுக்கே வந்து நின்றது. படிப்பால் நான் அடைந்த நஷ்டங்களில் இதுவும் ஒன்று.

வெயில் காலம் முழுக்கக் கேன் மூலையில் இருந்தது. நிறம் டிகாஷன் மாதிரி ஆனது. நாற்றம் வார்னிஷ் மாதிரி ஆனது. இந்த வருடம் திருநாள் நெருங்கியபோது அதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவர் கேனைப் பார்த்துவிட்டு, "வாங்கத்தான் வருவாங்க சார், திருப்பிக் குடுக்க வந்த மொத ஆளு நீங்கதான். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றார்.

மெக்கானிக் முகர்ந்து பார்த்தார். "பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்தா, புதுசோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஓட்டித் தீத்துடலாம். வண்டி கீதா சார்?"

"இருந்துச்சு. போன மாசம்தான் காயலான் கடையில போட்டேன்."

"அப்ப நீங்களே குடிச்சாத்தான் உண்டு."

எதிர்வீட்டு பாய் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். "இன்னா தோஸ்த், இதுக்குப் போயி பேஜார் ஆவறீங்க?" என்றார். "எங்க டிரெய்னேஜ்ல ஊத்தலாம்னா மீட்டர் வெச்சிருக்கான். முன்ன மாதிரி இல்ல, நாங்க திருந்திட்டோம்."

"எப்ப?"

"எல்லாம் ஆனப்புறம்தான்."

புதுப் பெட்ரோல் கலந்து புல்லை வெட்டி முடித்தோம். திருநாளன்று காலை, மெஷினை எடுத்துவரப் போனபோது பழைய கேனையும் கொண்டுபோனேன். தோட்டக்காரர் இந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர், நல்ல உழைப்பாளி. அவரிடம் கேனை நீட்டினேன்.

"அண்ணே, இதக் கொஞ்சம் ஒழிச்சிடுங்க. மெஷினுக்கு ஆகாது."

"எங்க சார் ஊத்தறது?"

"கெணத்துப் பக்கம் வேணாம். ஆளில்லாத எடமா பாத்து ஊத்திடுங்க."

"ஆளில்லாத எடம்தான? கீதே சார். நான் பாத்துக்கறேன்."

சுமை இறங்கிய நிம்மதியில் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

சாயங்காலம் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தோட்டம் முழுக்கக் குடும்பங்கள். அவள் மேட்டுக்குச் சற்று முன்பே வார்னிஷ் நாற்றம் வந்துவிட்டது. நித்தியகல்யாணி வேகவைத்த கீரை மாதிரி துவண்டு, கறுத்துக் கிடந்தது. மண் பளபளத்தது. அந்த வரிசையில் இருந்த மண்மேடுகள் எல்லாவற்றுக்கும் அதே கதி.

தோட்டக்காரர் சந்தோஷமாக வந்தார். "நீங்க சொன்னாப்லயே ஆளில்லாதது எல்லாத்துக்கும் சமமா ஊத்திட்டேன் சார். இனிமே அதுங்க மேல புல்லே மொளைக்காது."

அப்போதுதான் விளங்கியது. சிமெண்ட் கட்டாத, பேர்க்கல் வைக்காத கல்லறைக்கு எங்கள் தோட்டத்தில் 'ஆளில்லாதது' என்று பெயர். பேரவையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். நான் சொன்னது வெற்றிடத்தை. அவர் தமிழில் அது என் மனைவி.

"இது எங்க வீட்டம்மா" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. "ஐயோ சார்... மேல ஒண்ணும் கட்டலியே, அதான்..."

மெழுகுவர்த்தியை மேட்டின் தலைமாட்டில் நட்டேன். வத்திப்பெட்டியை எடுத்தேன். தோட்டக்காரர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "வேணாம் சார், பத்திக்கும்!"

பக்கத்துக் கிரானைட் கல்லறைக் குடும்பத்து அம்மாள் தன் மெழுகுவர்த்திகளைச் சட்டென்று எங்கள் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டார். இருட்ட ஆரம்பித்தது. தோட்டம் முழுக்க வெளிச்சம். நடுவில் அந்த ஒரு வரிசை மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். துளிகள் விழுந்த இடத்தில் மண்மேல் எண்ணெய் வானவில் நிறத்தில் விரிந்தது. கூட வந்த பேரவைச் செயலாளர் கையைக் காட்டி, "இந்த வரிசை ஆளில்லாதது ஃபாதர். அடுத்த வருஷத்துக்கு இதத்தான் எடுத்துக்கலாம்னு..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆள் இருக்குது. நான் நிக்கறேன்ல?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

செயலாளர் நல்ல மனிதர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னிக்கு நிக்கறீங்க சார். தெனமும் நிப்பீங்களா?"