மொஸ்கோக் காரில் வந்த மாப்பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குச் சிட்னியில் கிரவீன் பக்கம் யாரிடமும் விசாரித்துப் பாருங்கள், மூன்று கராஜ் வைத்திருக்கிற கிழவன் என்று வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே காருக்கு என்ன வருத்தம், எது பழுது என்று சொல்வேன். கார் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான், போன மாதம் இங்கே நடந்த பழங்கார்க் கண்காட்சிவரை நினைத்திருந்தேன்.

அங்கே ஒரு கறுப்பு அமெரிக்கக் கார். சொந்தக்காரன் ரஷ்யக்காரன். "எங்கட தலைவர்மாருக்கு மொஸ்கோவில இதைப் பாத்துத்தான் கார் செய்தவங்கள்" என்ற மாதிரி இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான். எனக்கு ஊரில் ஒரு விறாந்தைச் சுவர் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் கடைசித் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் போய் அழைத்து வர வேண்டியவர் மூத்த அண்ணனான பெரியப்பா. அவர் போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் படி இறங்கமாட்டார்கள். வாகனமோ, என் மாமா ஓட்டுகிற மில் முதலாளியின் இதே மாதிரிக் கறுப்பு அமெரிக்கக் கார். பெரியப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். "அமெரிக்கன்ரை காரில கால் வைக்கமாட்டன்" என்று சந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன வாயை எப்படி மாற்றுவது? மணப்பெண் அறைக்குள் அழுதுகொண்டிருந்தா.

மாமா காரைப் பின் ஒழுங்கையில் நிறுத்திப் பெயர்த் தகடுகளைக் கழற்றினார். முகப்பில் நின்ற வெள்ளிப் பறவையையும் திருகி எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

"வாயைத் திறந்தியோ, தோலை உரிப்பன்."

பிறகு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "அத்தான், முதலாளியின்ரை கார் பழுது. கொழும்பில இருந்து வந்த ரஷ்யக் கார் ஒண்டு பிடிச்சனான்."

பெரியப்பா விறாந்தைச் சுவரைப் பார்த்தார். மொஸ்கோ ஊர்வலத்தில் தலைவர்கள் காரில் போகிற படம் அங்கே தொங்கியது. பிறகு வாசலைப் பார்த்தார். அதே நீண்ட மூக்கு, அதே வெள்ளிப் பல். கனநேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம், இதெல்லோ கார்" என்று ஏறிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளைக்கு ஒரே பிரசங்கம். "தொழிலாளியின்ரை கைவேலை, பாத்தீரே? அமெரிக்கன் தலைகீழா நிண்டாலும் இப்பிடிச் செய்யேலாது." மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்தபடி தலையாட்டினார். பறவையின் கனத்தில் இறங்குகிற காற்சட்டையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தத்தில் தாலி ஏறியது. பந்தியில் என் பக்கத்தில் வந்து குந்திய பெரியப்பா மெல்லச் சொன்னார்: "தம்பி, முதலாளியின்ரை குருவியைத் துலைச்சுப் போடாதை. மாமான்ரை வேலை போயிடும்."

எப்படிக் கண்டுபிடித்தார் என்றுதான் அன்றைக்கு மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். தெரிந்துகொண்டே ஏன் ஏறினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் விறாந்தையில் அந்தப் படம் இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் ஊரை விட்டுப் புறப்படும்வரை அந்தச் சுவருக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை.