நீல உடம்பு, மஞ்சள் வால்

என் கணவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பவளப்பாறை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் அவர் கண்ணால் பார்த்ததெல்லாம் கல்லூரி மியூசியத்தில் ஃபார்மலின் புட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்த பவளமும் மீன்களும்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், வடித்த கஞ்சியின் நிறம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னை அழைத்துப் போய்க் காட்டினார்.

"இதுக்கா இத்தனை அலட்டல்? நம்மாத்து ஊறுகாய் ஜாடி இதைவிடப் பார்க்க நன்னா இருக்கும்" என்றேன்.

"உயிரோட பார்க்கணும்டீ. என்ன கலர்ங்கறே" என்றார்.

"நீங்க பார்த்திருக்கேளா?" என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே பெண்ணெடுத்து, பாலம் தாண்டி வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்த மனிதர் கடலுக்குள் எப்போது போயிருக்கப் போகிறார்.

கண்ணில் அழுத்தம் என்று தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகு. படியிறங்கும்போது தடுமாறினார், பக்கத்தில் வைத்த காபியைத் தட்டிவிட்டார். வயசாயிற்று என்று நானும் கத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்காமல் சொன்னார். "போன பார்வை திரும்பாதுங்க சார். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்தை மட்டும் விட்டுடாதீங்க." திரும்பி வரும்போது ஆட்டோ காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "பவளப்பாறை பார்த்துடணும், அதுக்குள்ளே" என்றார். எதையும் துருவித் துருவிக் கேட்கிற நான், எதற்குள்ளே என்று கேட்காமல் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மார்கழி கடைசியில் கிளம்பினோம். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் படகில் கூட்டிப்போய், முகமூடிக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டித் தண்ணீருக்குள் பார்க்க விடுகிறார்கள் என்று அவருடைய பழைய மாணவர் சொல்லியிருந்தார். டாக்டரும் சரி என்றுவிட்டார். மலைக்கோட்டைக் கடைவீதியில் அவருக்கு முழங்கால் வரைக்கும் ஒரு நீச்சல் டிரவுசர் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்து, "பெருமாள் சேவிக்கவும் இப்படியே வாங்கோ" என்று கிண்டல் செய்தேன். கூச்சப்பட்டார். ஆனால் கழற்ற மனமில்லாமல் கொஞ்ச நேரம் அதோடேயே வீட்டுக்குள் நடந்தார்.

காரியத்தைக் கெடுத்தது எங்கள் ஆசாரம். கடலை நினைத்த நாளில் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அமாவாசை, பௌர்ணமி என்று நாள் பார்க்க வேண்டும். இராமேஸ்வரத்துச் சேதுக் கடல் மட்டும் விலக்கு, என்றைக்கு வேண்டுமானாலும் நீராடலாம். ஆனால் நீராடின பிறகுதான் சாப்பாடு. டிரவுசர் போட்டுக்கொண்டு குதித்தாலும் சேது சேதுதானே என்றேன்.

"ஸ்நார்க்கலிங்குக்கும் சங்கல்பம் உண்டா?" என்று சிரித்தார். ஆனாலும் தங்கியிருந்த வீட்டில் கொடுத்த இட்லியை அவரும் மூடி வைத்துவிட்டார். நான் சாப்பிடாமல் அவர் சாப்பிட்டதே இல்லை. காபியை மட்டும் குடித்துவிட்டு இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு படகு ஏறினோம்.

எங்களோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் வந்தது. கரையோரம் போகும்வரை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தீவுக்குப் பக்கத்தில் போய் நங்கூரம் போட்டதும் படகு நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தது. டீசல் நாற்றம் வேறு. வயிற்றில் இருந்த அந்த ஒரு வாய் காபி முதலில் போயிற்று. அதற்குப் பிறகு வர ஒன்றுமில்லை, ஆனாலும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு குனிந்தவள் நிமிரவில்லை. வாடைக்காற்று முதுகில் அறைந்தது. அவர் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிடலாமா?" என்றார்.

"நீங்க இறங்குங்கோ. இதுக்காகத்தானே வந்தோம்" என்றேன்.

இறங்கினார். படகுக்காரரின் தம்பி கூடவே நீந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஜோடியும் இறங்கியது. தண்ணீரில் அவருடைய நரைத்த தலை ஒரு பக்கம் போவதையும், முகம் கவிழ்ந்து அப்படியே மிதப்பதையும் அரைக்கண்ணால் பார்த்தேன். அந்த நிலையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சட்டென்று திரும்பி வந்துவிட்டார். ஏறும்போது பல் தந்தியடித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. என் புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினேன்.

"ஒண்ணும் தெரியலை. தண்ணி ஒரே கலங்கல்" என்றார். "கடல்னா அப்படித்தான். ஒரு நாள் தெளிஞ்சிருக்கும், ஒரு நாள் இருக்காது."

அந்தப் பெண் படகின் மறுபக்கம் ஏறினாள். மூச்சு வாங்கிக்கொண்டே புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கண்ணாடி மாதிரி இருந்துச்சுல்ல? அந்த நீல மீனு பாத்தீங்களா, வாலு மட்டும் மஞ்சளா. வரி வரியா ஒரு கூட்டமே போச்சு. ஊதாக் கலர்ல பூ மாதிரி பாறை…"

படகுக்காரர், "ஆமாம்மா, இன்னைக்குத் தண்ணி நல்லா தெளிஞ்சு கெடக்கு" என்றார்.

அவர் பார்வை இவ்வளவு தூரம் போய்விட்டதா என்று நினைத்தேன். பக்கவாட்டுப் பார்வைதான் குறைகிறது, நேரே தெரிகிறது என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம், கலங்கலாத்தான் இருக்கு" என்றேன். விளிம்புக்குத் திரும்பிக் குனிந்துவிட்டேன். என் நிலைமையைப் பார்த்துப் படகுக்காரர் நங்கூரத்தை எடுத்தார். கரைக்கு வந்து நானும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மூடி வைத்த இட்லியை அந்த வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தார். ஆறிக் கல்லாகியிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு யார் கேட்டாலும், "போனோம், தண்ணி கலங்கல், இன்னொரு தடவை போகணும்" என்றே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எனக்கு இந்தப் பொய் பழகவே இல்லை. அந்த நீச்சல் டிரவுசரைத் துவைத்து மடித்து, அவர் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தேன்.

தினமும் சாயங்காலம் அவருக்குச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும். மாசி மாதம் ஒரு நாள் அப்படிப் படுத்திருந்தவர், மூடின கண்ணோடு கேட்டார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

எந்தப் பொண்ணு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மருந்துப் புட்டியை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நீல மீனாம். வால் மட்டும் மஞ்சளாம்."

"வால் மட்டுமா, வயிறுமா?"

"வால்னுதான் சொன்னா."

"அப்போ சின்னது. விரல் நீளம்தான் இருக்கும். பாறையை விட்டு நகராது." அவர் முகம் வகுப்பில் நிற்கிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "அப்புறம்?"

"வரி வரியா ஒரு கூட்டம்."

"நெடுக்கு வரியா, குறுக்கு வரியா?"

"அது சொல்லலை."

"சரி. அப்புறம்?"

"ஊதாக் கலர்ல, பூ மாதிரி பாறை."

"பாறை இல்லை, அது உயிர்" என்றார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அப்புறம்?"

அந்தப் பெண் கரை வரும்வரைக்கும் பேசிக்கொண்டேதான் வந்தாள். இன்னும் எத்தனையோ சொல்லியிருப்பாள்.

"அப்புறம் என் காதுல ஒண்ணும் விழலை" என்றேன். "எனக்கு வாந்தி வந்துடுத்து."