தேவகியின் மஞ்சள் கயிறு

தேவகி போய்விட்டார் என்று அவர் கணவர் தொலைபேசியில் சொன்னபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். புற்றுநோய் முற்றிவிட்டது தெரிந்ததுதான். இருந்தும், லேசரை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நினைவாகக் கூடியிருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எங்கள் இட்டெர்பியம் படிகத்தின் குணம் தெரியும். நகத்தளவுகூட இல்லாத அந்தக் கல்தான் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைப் பெருக்கித் தரவேண்டும். சூடேறினால் தன் ஒளியைத் தானே விழுங்கிவிடும். குளிர்வித்தாலோ கோலாலம்பூரின் ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும். "இதுவும் என் மாமியாரும் ஒண்ணுதான் அண்ணே. சூடாவும் விடக்கூடாது, ஆறவும் விடக்கூடாது" என்பார் தேவகி.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பான எதில் பட்டுத் தெறித்தாலும் பார்வையைப் பொசுக்கிவிடும். அதனால் மோதிரம், கடிகாரம் எல்லாம் வாசலிலேயே கழன்றுவிடும். தேவகி ஒருபடி மேலே போனார். தங்கத் தாலியை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் வருவார். தாலி அடகுக்கடைக்குப் போய்விட்டதாக உறவினர்கள் பேச, மாமியாருக்கு அவமானம் தாங்கவில்லை. தேவகி சொன்ன பதில் இவ்வளவுதான்: "பொன்னு மின்னும் அத்தை. மஞ்ச மின்னாது."

பிறகு கிள்ளானில் ஒரு கல்யாணம். மாமியாரின் பிடிவாதத்தால் அன்று தங்கத் தாலி கழுத்தில் ஏறியது. படிகம் குளிர்ந்து தயாராக இருந்ததால் மண்டபத்திலிருந்து நேரே ஆய்வகம் வந்தார். ஈரம் படிவதற்குள் ஒளியை நேர்படுத்தியாக வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றியவருக்குக் கழுத்து நினைவில்லை. அந்த ஒளி பட்டால் மங்கலாக மினுங்கும் அட்டையில் அது எங்கே விழுகிறது என்று பார்க்கக் காப்புக்கண்ணாடியை உயர்த்திக் குனிந்தார்; நாங்கள் எல்லோரும் செய்த முட்டாள்தனம்தான் அது. தாலி முன்னே ஊசலாடியது.

வலிக்கவில்லை என்றார். "சின்னதா ஒரு சத்தம் கேட்டுச்சு அண்ணே. இடது கண்ணுல ரத்தமா மெதக்குது."

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. மிஞ்சிய ஒற்றைக் கண்ணோடு வந்துதான் அந்த ஒளிப்பெருக்கியை ஓடவைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கல்லின்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அவரைச் சுமங்கலியாக அலங்கரித்துக் கிடத்தியிருந்தார்கள். ஓர் உறவுக்காரப் பெண் தங்கத் தாலியை எடுத்துவந்தார். மாமியார் அதை வாங்கி ஓரமாக வைத்தார். புதுக் கயிற்றில் மஞ்சள் கிழங்கை முடிந்து, மருமகளின் கழுத்தில் தாமே கட்டினார்.

"இது மின்னாதுமா," என்றார். "பயப்படாம போ."

இப்போதெல்லாம் ஆய்வக வாசலில் என் கை தானாகவே கழுத்துக்குப் போகிறது. அங்கே கழற்ற எனக்கு ஒன்றும் இல்லை. தேவகி என்னிடம் விட்டுப்போனது அந்தப் பழக்கம்தான்.