சொன்னபடி வேலை செய்யும் நிரல்

தைவானின் தைனான் நகரில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட சின்ஹோங்கைத் தெரியாது. ஆனால் கைப்பேசியில் இருப்பதைக் கணினியில் பிரதி எடுக்க அவன் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்ட நிரலை ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தியது. கைப்பேசியில் அழித்தால் பிரதியிலும் அழிந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பிரதி என்பது அவன் பிடிவாதம்.

ஒருமுறை கொரியாக்காரர் ஒருவர், இறந்துபோன அப்பாவின் வீடியோ அழிந்துவிட்டதென்று புகார் எழுதினார். 'இது கோளாறு இல்லை. சொன்னபடிதான் வேலை செய்திருக்கிறது' என்று பதில் போட்டு, புகாரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனான்.

குடும்பத்தில் இறந்தவர்களின் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாளுக்கு முந்தின நாள் காலையில், கேரட் சீவிக்கொண்டே மனைவி பெய்யூ சொன்னாள்:

"எங்கம்மா கடைசியா பேசின வீடியோவ எடுத்துக் குடு, அக்கா கேக்குறா. போன்ல இடமில்லன்னு போன வாரம் அழிச்சுட்டேன். உன் பிரதியில இருக்குமில்ல? உலகத்துக்கே காப்பாத்திக் குடுக்குற ஆளாச்சே."

அவள் அழித்த பிறகும் அந்தக் கைப்பேசியை அவன் வழக்கம்போல் கணினியில் செருகியிருந்தான். திறந்து பார்த்தான். அந்த இடம் காலியாக இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, ஏதாவது கோளாறா?" என்றாள்.

"கோளாறு இல்ல," என்றான். "சொன்னபடிதான் வேலை செஞ்சிருக்கு."